குழந்தையின் மூளை ஸ்கேனில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது

ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் விரித்து, ஒரே ஒரு வரியின் மேல் விரலை வைத்தபடி, “சாரே, பிள்ளைக்க மூளை ஒரு பக்கம் சுருங்கிப் போச்சா?” என்று கருங்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த தாய் ஒருவர் என்னிடம் கேட்டார். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளில் இடப்பக்கத்தது 9 மில்லிமீட்டர் அகலம், வலப்பக்கத்தது 7 மில்லிமீட்டர் அகலம் என்று அந்த வரியில் இருந்தது. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக அவர் மூன்று இரவு தூங்கியிருக்கவில்லை.

நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. அறையில் பல ஆண்டுகள் படமெடுக்கும் வேலை பார்த்தவன் நான். நோயைக் கணிப்பது டாக்டரின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ரிப்போர்ட்டில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது, அதில் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு இயந்திரத்துடையது, எவ்வளவு அன்றைய பொழுதுடையது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெற்றோரும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும், கல்லூரியில் இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்களும் அந்த எண்களைப் பதறாமலும் அலட்சியப்படுத்தாமலும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே அளவு பால் தருவதில்லை. அதே மரமும் இலை உதிரும் காலத்தில் ஒரு அளவும் மற்ற மாதங்களில் வேறொரு அளவும் தரும். அது மரத்தின் இயல்பு. ஆனால் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்க்கும்போது, மேலே நுரை நின்றாலோ, சேர்த்த தண்ணீரின் அளவு பிசகினாலோ, பால் வெயிலில் சூடேறியிருந்தாலோ காட்டும் எண் மாறிவிடும். அது அளவின் பிழை. மூளைப் படத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை.

படமெடுக்கப் போவதற்கு முன்

பிழையில் பெரும்பகுதியை இயந்திரத்தின் அருகே போவதற்கு முன்பே குறைத்துவிடலாம் என்பது என் அனுபவம். குழந்தைகளின் மூளைப் படத்தைக் கெடுப்பவற்றில் முதலிடம் அசைவுக்குத்தான். உள் அமைப்பைத் துல்லியமாகக் காட்டும் ஒரு படத்தொகுதியை எடுக்க ஐந்தாறு நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் சேகரிக்கப்படும் சமிக்ஞைகள் அனைத்தும் சேர்ந்துதான் ஒரே படமாகின்றன. எனவே நான்காவது நிமிடத்தில் குழந்தை ஒருமுறை தலையைத் திருப்பினால் கெடுவது அந்த நொடி மட்டும் அன்று, முழுப் படமும் கெடும்.

ஐந்து ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையாக இருந்தால், ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வீட்டில் பழக்குங்கள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து, இருபுறமும் போர்வையைத் தொங்கவிட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் ‘டக் டக்’ சத்தத்தைக் கைபேசியில் போட்டுவிடுங்கள். பிறகு சிலை விளையாட்டு ஆடுங்கள்: கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையைப் பார்க்காத பிள்ளை நம் மாவட்டத்தில் குறைவு, அலை அடித்தாலும் அந்தச் சிலை அசையாதது போல நீயும் அசையக் கூடாது என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு ஐந்து என்று கூட்டிக்கொண்டு போங்கள். நெற்றியில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்து, அது விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பது குழந்தைக்கும் பிடிக்கும், உங்களுக்கும் அளவாக இருக்கும். பெரிய ஆய்வு நிலையங்களில் இதே பயிற்சிக்காகக் காந்தம் இல்லாத போலி இயந்திரமே வைத்திருக்கிறார்கள். கட்டிலும் போர்வையும் அதற்கு அவ்வளவொன்றும் குறைந்தவை அல்ல.

கைக்குழந்தையாக இருந்தால் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, இயல்பாகத் தூங்கும் நேரத்தில் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூக்க மருந்து தேவையா, எவ்வளவு நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். அதை ஒரு நிமிடமும் மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குக் கடைசியாகப் பாலோ தண்ணீரோ கொடுத்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். இதைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 16 மணி நேரம் நீர் அருந்தாமல் இருந்தபோது மூளையின் பருமன் சராசரியாக 0.55 சதவீதம் குறைந்து, நீர் அருந்தியபின் மீண்டும் கூடியது. நோய் எதுவும் இல்லாமல், தாகம் மட்டுமே இவ்வளவு மாற்றத்தைத் தரும். அதேபோல ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் மூளை படத்தில் தற்காலிகமாகச் சுருங்கியதுபோல் தெரியக்கூடும் என்பதால், அண்மையில் கொடுத்த மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

உலோகம் எதுவானாலும் தன் அருகிலுள்ள படத்தைக் குலைக்கும். கம்மல், ஹேர்பின், தாயத்து, அரைஞாணில் கோத்த வெள்ளி மணி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். சில கண்மைகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், கண்ணைச் சுற்றிய பகுதியின் படம் கோணலாகும்; அன்று மட்டும் மையும் திருஷ்டிப் பொட்டும் வேண்டாம் என்று பாட்டிமாரிடம் நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன். பல்லில் கம்பி போட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளையின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் தவறிவிடும். பிரசவம் நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாத வித்தியாசம் பத்து வயதில் ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் அது வேறொரு மூளை.

அசைவு எப்படிப் பொய் சொல்கிறது

அசைவு படத்தை மங்கலாக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது படத்தை ஒரே திசையில் பொய் சொல்ல வைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த பெரியவர்களைப் படமெடுக்கும்போது வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொன்னார்கள். அசைவு கூடக் கூட, அவர்களின் மூளையில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருளின் பருமனும், மூளையின் வெளியடுக்கான புறணியின் தடிப்பும் குறைவாகவே அளவிடப்பட்டன. மூளை மெலியவில்லை, அளவு மெலிந்தது. துறுதுறுப்பான குழந்தைகளும் மிகச் சிறியவர்களும்தான் அதிகம் அசைவார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் உள்ள குழந்தைகளின் புறணி மெல்லியது என்று ஒரு படம் சொன்னால், அதில் எவ்வளவு பங்கு நோயினுடையது, எவ்வளவு பங்கு அசைவினுடையது என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

மூளையின் எந்தெந்தப் பகுதிகள் இணைந்து இயங்குகின்றன என்று காட்டும் படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2012இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே எச்சரிக்கையை வெளியிட்டன: ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவு அசைந்தாலே, அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு பலமாகவும் தொலைவிலுள்ள பகுதிகளின் இணைப்பு பலவீனமாகவும் தோன்றும். சிறு குழந்தைகளின் மூளை அப்படித்தான் இருக்கும், வளர வளரத் தொலைதூர இணைப்புகள் பலப்படும் என்று அதற்கு முன் எழுதப்பட்டிருந்தவற்றில் ஒரு பகுதி, குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைந்ததன் விளைவாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தபோது, அந்தத் துறையே தன் கணக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெற்றோர் இதைத் தாங்களே ஓரளவு கண்டுகொள்ளலாம். படத்தைத் திரையில் திறந்து, நெற்றியின் விளிம்பைப் பாருங்கள். குளத்தில் கல் எறிந்தால் எழும் வளையங்கள்போல மண்டையோட்டின் ஓரத்துக்கு இணையாக மெல்லிய கோடுகள் மூளைக்குள் படர்ந்திருந்தால், குழந்தை அசைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்திலிருந்து ‘கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை’ என்று டாக்டர் சொல்ல முடியும். ஆனால் அதே படத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் எடுத்த அளவை நம்பி ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

எண்ணின் அருகே போய்ப் பாருங்கள்

மீண்டும் அந்த 9, 7 மில்லிமீட்டருக்கு வருகிறேன். சாதாரணமாக எடுக்கும் மூளைப் படத்தில் 230 மில்லிமீட்டர் அகலத்தை 256 புள்ளிகளாகப் பிரித்திருந்தால், ஒரு புள்ளி 0.9 மில்லிமீட்டர். நீரறையின் ஓரம் ஒரு புள்ளியின் நடுவே போனால், அந்தப் புள்ளி பாதி நீரும் பாதி மூளையுமாகக் கலந்து சாம்பலாகத் தெரியும். அளப்பவர் அந்தச் சாம்பல் புள்ளியை உள்ளே சேர்த்தால் ஒரு எண், வெளியே விட்டால் வேறொரு எண். இருபுறமும் ஒவ்வொரு புள்ளி என்றால் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டது. அளப்பவர் கவனக்குறைவானவர் என்று இதற்குப் பொருள் இல்லை. புள்ளியைவிடச் சிறியதைப் புள்ளியால் அளக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது, தலையின் சாய்வு. வழக்கமான படங்கள் 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக, இடையில் சிறு இடைவெளி விட்டு எடுக்கப்படுகின்றன. நேந்திரம்பழத்தைக் கத்தியைச் சற்றுச் சாய்த்து வெட்டினால் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் வருவதுபோல, தலை ஒரு தோளின் பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே துண்டில் இடப்பக்க நீரறை ஓர் உயரத்திலும் வலப்பக்க நீரறை வேறோர் உயரத்திலும் வெட்டுப்படும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கண்கள் தெரியும் துண்டுக்குப் போங்கள். இரண்டு விழிகளின் லென்ஸும் ஒரே துண்டில் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு காதின் உட்குழல்கள் இரண்டும் ஒரே துண்டில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று ஒரு துண்டிலும் மற்றொன்று அடுத்த துண்டிலும் வந்தால் தலை சாய்ந்திருக்கிறது.

கருங்கல் தாயின் சி.டி.யைத் திரையில் போட்டு அவருக்கு முன்னாலேயே நகர்த்திக் காட்டினேன். வலக்கண்ணின் லென்ஸ் வெள்ளை வட்டத்துக்குள் தெளிவாக இருந்தது. இடக்கண்ணில் லென்ஸ் இல்லை, அடுத்த துண்டில்தான் வந்தது. இதை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் சாய்வைச் சரிசெய்து அளந்தபோது இரண்டு பக்கத்துக்குமான வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு வந்தது. பக்கவாட்டு நீரறைகள் இரண்டும் சமமாக இல்லாமலிருப்பதும், இடப்பக்கம் சற்றுப் பெரிதாக இருப்பதும் நலமுள்ளவர்களிடம் சகஜம் என்பதால், அந்த அரை மில்லிமீட்டரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கர்ப்பகால ஸ்கேனிலும் இதே கதைதான். கருவிலுள்ள குழந்தையின் நீரறை அகலம் 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 9.8க்கும் 10.2க்கும் இடையில் குழந்தை வேறுபடுவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் சொற்கள் வேறுபடுகின்றன. அதனால்தான் கோட்டை ஒட்டிய அளவு வந்தால் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்கிறார்கள்.

இயல்பின் அகலம்

அளவு மிகச் சரியாக இருந்தாலும் குழந்தைகள் ஒருவர்போல் ஒருவர் இருப்பதில்லை. ஒரே வயதுள்ள நலமான பிள்ளைகளின் மொத்த மூளைப் பருமனில் திட்ட விலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் கணக்கு, சராசரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சராசரி 1,300 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,050இலும் நலமான குழந்தை உண்டு, 1,550இலும் உண்டு. ஆண் பிள்ளைகளின் மூளை சராசரியில் சற்றுப் பெரியது. ஆனால் இரு பாலரின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. பருமனை வைத்து அறிவை அளக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

குடும்பமும் பேசும். குழந்தையின் தலை பெரிதாக இருக்கிறது என்று சொல்லப்பட்டால், அன்று மாலையே தையல் நாடாவை எடுத்து அப்பா, அம்மா, இயன்றால் தாத்தாவின் தலைச்சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் மிகத் துருத்திய இடத்திலும் நாடா படும்படி மூன்று முறை அளந்து, மிகப் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்பட்ட துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். தகப்பனின் தலையே பெரிது என்ற ஒரு செய்தி, டாக்டரின் யோசனையை எவ்வளவோ மாற்றும்.

வயதைப் பொறுத்தவரை, 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான மூளை வளர்ச்சி வரைபடங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டி, அங்கன்வாடியில் எடைக்கு வைத்திருக்கும் வளர்ச்சி அட்டைபோல மூளைக்கும் வரைந்தார்கள். புறணியின் சாம்பல் நிறப் பொருள் சுமார் 6 வயதில் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லக் குறைகிறது. நரம்பிழைகளால் ஆன வெண்மை நிறப் பொருளோ 29 வயதை ஒட்டித்தான் உச்சத்தை அடைகிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளையின் சாம்பல் நிறப் பொருள் இரண்டு ஆண்டுக்கு முன் இருந்ததைவிடச் சற்றுக் குறைந்திருந்தால், அது தேய்வு அன்று, வளர்ச்சி. ஆனால் அந்த வரைபடங்களில் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். நம் பிள்ளைகளை ஒப்பிட நம் நாட்டு அளவுகோல் வேண்டும் என்ற எண்ணத்தில், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 6 முதல் 60 வயது வரைக்குமான ஐந்து இந்திய மூளை மாதிரிகளை உருவாக்கியிருக்கிறார்கள். மென்பொருள் அளவு ரிப்போர்ட்டில் இருந்தால், எந்த மக்களோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

மென்பொருள் ரிப்போர்ட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. புறணியைப் பக்கத்துக்கு 34ஆக மொத்தம் 68 பகுதிகளாகப் பிரித்து அளப்பது வழக்கம். மூன்றாவது சதமானத்துக்குக் கீழே போனவற்றைச் சிவப்பில் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சதமானம் என்றாலே, நலமான நூறு பேரில் மூவர் அதற்குக் கீழே இருப்பார்கள் என்றுதான் பொருள். 68 பகுதிகளை அளந்தால், எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிடமும் சராசரியாக இரண்டு பகுதிகள் சிவப்பில் வரும். ஒரு பெட்டி சிவப்பாக இருக்கிறது என்பதற்காகக் குழந்தையைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது

முதல் படம் மார்த்தாண்டத்தில், இரண்டாவது திருவனந்தபுரத்தில் என்று எடுப்பது நம் மாவட்டத்தில் வழக்கம். இயந்திரம், காந்தத்தின் வலிமை, துண்டின் கனம், அளக்கும் மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். ஒப்பிடுவதற்காகவே எடுக்கிறீர்கள் என்றால், முடிந்தவரை அதே இடத்தில், அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள்.

மாற்றம் மெய்யா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஒரு குழு குழந்தைகளைப் படமெடுத்து, மேசையிலிருந்து இறக்கி, மறுபடி படுக்க வைத்து அன்றே இன்னொரு முறை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைக் கண்டு, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.96ஆல் பெருக்குங்கள். ஆல்ட்மனும் பிளாண்டும் 1986இல் மருத்துவ அளவுகளுக்காக விளக்கிய வழி இது. கணக்குக்காக அந்த விலக்கம் 60 கன மில்லிமீட்டர் என்று கொண்டால், பெருக்கி வருவது ஏறத்தாழ 118; அதற்குள் அடங்கும் மாற்றம் வெறும் அளவுப் பிழையாகவே இருக்கலாம். ஓராண்டு கழித்து ஒரு குழந்தையிடம் 90 கன மில்லிமீட்டர் மாற்றம் தெரிந்தால், அதைக் குழந்தையின் மாற்றம் என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. இந்த வேலையைச் செய்யாமல் எழுதப்படும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்த எண்களின் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

முதல் அளவு மிக மோசமாக வந்ததாலேயே இரண்டாவது ஸ்கேன் எடுக்கிறோம் என்றால், இரண்டாவது எண் சராசரியை நோக்கி நகர்ந்து வர வாய்ப்பு அதிகம். முதல் முறை தற்செயலான பிழையும் சேர்ந்தே அந்த எண்ணைக் கீழே தள்ளியிருக்கும். அதே பிழை இரண்டாவது முறையும் அதே பக்கம் விழ வேண்டியதில்லை. இடையில் ஒரு எண்ணெயோ மாத்திரையோ பயிற்சியோ கொடுத்திருந்தால், முன்னேற்றத்தின் பெயர் முழுவதும் அதற்குப் போய்விடும். பணம் கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு இன்னொன்று: 2022இல் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, மூளையின் அளவுக்கும் ஒருவரின் நடத்தைக்கும் உள்ள தொடர்பு மிக நுண்ணியது என்றும், அதை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும் காட்டியது. முப்பது குழந்தைகளை வைத்து அத்தகைய தொடர்பைத் தேடாதீர்கள். அதே முப்பது பேரை வைத்து அளவின் பிழையை நன்றாக அளக்கலாம்; அது பயனுள்ள ஆய்வு.

காத்திருக்கக் கூடாத நேரம்

இவ்வளவு சொன்னதால் ஸ்கேனை நம்ப வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிப்பு, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, கற்றுக்கொண்ட பேச்சோ நடையோ மறந்துபோவது, கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருப்பது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, பார்வை கீழ்நோக்கியே செருகிக் கிடப்பது, ஒரு கை அல்லது கால் திடீரென்று தளர்வது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், எண் இயல்புக்குள் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எண்ணின் தடுமாற்றம் எண்ணுக்கு உரியது; குழந்தையிடம் கண்ணால் காணும் மாற்றத்துக்கு அது பதிலாகாது.

கடைசியாக ஒரு வேலை. ரிப்போர்ட்டும் பிலிமும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். படத் தரவு முழுவதும் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். என் உறவுப் பிள்ளை ஒன்றின் முதல் ஸ்கேனை, சில மாதம் கழித்துக் கேட்டபோது ஒரு மையம் அழித்துவிட்டிருந்தது; பிலிமில் இருந்த அஞ்சல்தலை அளவுப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டிய நிலை வந்தது. சி.டி. கைக்கு வந்ததும் வீட்டுக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்துவிடுங்கள். உறையின் மேல் தேதி, அன்று குழந்தையின் வயது ஆண்டும் மாதமுமாக, எந்த மையம், காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, தூக்க மருந்து கொடுத்தார்களா, கடைசியாக எப்போது நீர் அருந்தியது, எத்தனை முறை படத்தைத் திரும்ப எடுத்தார்கள் என்பதை பேனாவால் எழுதி, வளர்ச்சி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.